கப்பலில் கட்டிய வெருளி

2006 டிசெம்பரில், இயந்திரம் பழுதடைந்த நிலையில் ஃபாரா 3 என்ற ஜோர்தானியச் சரக்குக் கப்பல் முல்லைத்தீவுக் கரையோரம் வந்து ஒதுங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசி ஏற்றிச் சென்ற கப்பல் அது. அதிலிருந்த 25 பணியாளர்களையும் விடுதலைப் புலிகள் கரைக்குக் கொண்டுவந்து சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் ஒப்படைத்தார்கள். காப்பாற்றினோம் என்றார்கள் அவர்கள். கட்டாயப்படுத்தி இறக்கினார்கள் என்றார் கப்பலின் கப்டன். மீள்குடியேற்றத்தின் பின்னர் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோதும் அது துருவேறிக் கரையிலேயே நின்றது. சிறுவனாக அதன் உயரத்தைத்தான் வியந்து பார்த்தேன். எட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை செய்துவிட்ட இப்போது அதை நினைக்கும்போதெல்லாம், இயந்திரம் நின்றுபோன கப்பலைப் போலக் கதியற்றது கடலில் வேறொன்றும் இல்லை என்பதே முதலில் மனத்தில் எழுகிறது.

விடுமுறையில் வந்திருக்கும் என்னிடம், முள்ளியவளையிலிருக்கும் பெரியம்மாவின் இளைய மகன் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டான். அவனும் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டுக் கப்பலுக்காகக் காத்திருக்கிறான். "அண்ணை, கொள்ளைக்காரர் வந்தால் கப்பலில துவக்கு இருக்குமோ?" என்றான். அன்று அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுத விரும்புகிறேன்.

வர்த்தகக் கப்பலின் பணியாளர்களிடம் துவக்கு இருப்பதில்லை. எங்களிடம் இருப்பவை வேகம், கப்பற்சுவரின் உயரம், முள்ளுக்கம்பி, தீயணைப்புக் குழாயின் நீர்வீச்சு, இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கண்கள். மணிக்கு 18 கடல்மைல் வேகத்துக்கு மேல் ஓடிய எந்தக் கப்பலிலும் சோமாலியக் கொள்ளையர் ஏறியதாகப் பதிவில்லை என்று கப்பற்றுறையின் வழிகாட்டி நூல் சொல்கிறது. ஆனால் நான் வேலை செய்யும் வகைக் கப்பல், சுமை ஏற்றிய பின்னர் 12 அல்லது 13 கடல்மைல் வேகத்தில்தான் போகும். நீர்மட்டத்திலிருந்து தளம் வரையான உயரமும் அப்போது மிகக் குறைந்துவிடும். 2017 மார்ச்சில் எட்டு இலங்கையருடன் கடத்தப்பட்ட ஆரிஸ் 13 இத்தகைய கப்பல்தான். ஜிபூட்டியிலிருந்து மொகடிசுவுக்கு எரிபொருள் கொண்டுசென்ற அந்தச் சிறிய கப்பல், மெதுவாக, தாழ்வாக, ஆயுதக் காவலின்றி, சோமாலியக் கரைக்கும் சொகோத்ராத் தீவுக்கும் இடையிலான குறுக்குப் பாதையால் சென்றது. அந்தக் கடலில் 2012க்குப் பின்னர் வர்த்தகக் கப்பல் எதுவும் கடத்தப்படாதிருந்ததால் காவல் தளர்ந்திருந்த காலம் அது. மூன்றாம் நாள் எட்டுப் பேரும் கப்பமின்றி விடுவிக்கப்பட்டார்கள். அந்த மூன்று நாளும் என் அம்மா வானொலிக்குப் பக்கத்திலிருந்து எழும்பவில்லை; நான் முதல் கப்பலுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம்.

கடற்கரையில் பிறந்தவனுக்கு இந்த வேலையில் ஓர் அனுகூலம் உண்டு. கொள்ளையர் ஓட்டுவதும் எங்கள் வாடிகளில் ஏற்றி வைத்திருப்பது போன்ற ஃபைபர் படகுதான். ராடாரில் மீனவனும் கொள்ளையனும் ஒரே புள்ளியாகத்தான் தெரிவார்கள். மீனவன் வலையைப் பார்த்துக்கொண்டிருப்பான், வலைக்கு மேலால் கப்பல் வந்துவிடுமோ என்று பயந்து கையசைப்பான், கூச்சலிடுவான். வலையோ மிதவையோ இல்லாமல், ஏணியும் கூடுதல் எரிபொருள் கலன்களுமாகக் கப்பலின் பின்புறத்தை நோக்கி நேரே வரும் படகு வேறு. சோளகம் வீசும் மாதங்களில் எங்கள் கிழக்குக் கரை அமைதியாகித் தொழில் நடக்கும். அதே சோளகம் அரபிக் கடலைக் கொந்தளிக்க வைப்பதால், அந்த மாதங்களில் கொள்ளையரின் சிறு படகுகள் கரையில் கிடக்கும். காற்று ஓய்ந்ததும் எங்கள் கவலை தொடங்கும்.

இப்போது வெருளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஆள் நிற்பதாகத் தோன்றும்படி, வேலையுடுப்புக்குள் பழந்துணியை அடைத்துத் தளத்தின் ஓரங்களில் கட்டிவைப்பது வழக்கம். வயலில் கட்டுவதைப் போன்றதுதான். பிழையான முறையன்று, வழிகாட்டியிலேயே உள்ளது. ஆனால் நான் முன்னர் வேலை செய்த ஒரு கப்பலில், பணியாளர்களைக் குறைத்துவிட்டதால், ஏடன் வளைகுடாவைக் கடந்த இரவுகளில் பின்தளத்தில் நான்கு வெருளிகளும் ஒரே ஒரு மனிதனும் நின்றோம். இருபத்து நான்கு மணித்தியாலத்தில் பத்து மணித்தியாலமாவது ஓய்வு தரப்பட வேண்டும் என்பது சர்வதேச விதி. பதிவேட்டில் அந்த ஓய்வை நாங்கள் ஒழுங்காக எழுதினோம்; உடம்பில் அது இருக்கவில்லை. 2004 யூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த, கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்புக் கோவை, ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பாதுகாப்புத் திட்டமும் பாதுகாப்பு அதிகாரியும், சத்தமின்றிக் கரைக்குச் செய்தி அனுப்பும் அபாயப் பொத்தானும் இருக்க வேண்டும் என்கிறது. அவை எல்லாம் அங்கே இருந்தன. பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் யாராவது படகைக் கண்டிருக்க வேண்டும் அல்லவா? பணியாளர் தொகையில் மிச்சம் பிடிப்பவர்கள் அந்தக் கண்ணைத்தான் வெட்டுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லாரும் உட்புறமாகப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பறைக்குப் போய்விட வேண்டும். அனைவரும் உள்ளே இருந்தால்தான் கடற்படையினர் துணிந்து கப்பலில் ஏறுவார்கள். ஒருவர் வெளியே அகப்பட்டாலும் அந்த அறையால் பயனில்லை.

ஆயுதக் காவலர்களும் உண்டு. அவர்கள் தனியார் நிறுவனத்தினர். காலித் துறைமுகத்துக்கு அப்பால் படகில் வந்து ஏறி, ஆபத்தான பகுதியைக் கடந்ததும் இறங்கிவிடுவார்கள். எங்கள் கப்பலில் ஏறிய மூவரில் ஒருவர் முன்னர் இராணுவத்தில் இருந்தவர். முதல் இரவுக் காவலில் எந்த ஊர் என்று கேட்டார், முல்லைத்தீவு என்றேன். தானும் அங்கே இருந்ததாகச் சொன்னார். அதற்குப் பின்னர் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. விடியும் வேளையில் தொலைநோக்கியை என்னிடம் நீட்டி, வடக்கே தெரிந்த படகு மீன்பிடிப் படகுதானா என்று கேட்டார். வலை போட்டிருக்கிறார்கள் என்றேன். அவர் அதை நம்பித் துவக்கைத் தாழ்த்தினார்.

செங்கடலிலும் அதை அடுத்த ஏடன் வளைகுடாவிலும் ஏவுகணை வந்தால் இந்த முறைகள் எதுவும் போதா. 2024 மார்ச் 6ஆம் திகதி யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஏவிய ஏவுகணை, ஏடன் வளைகுடாவில் ட்ரூ கொன்ஃபிடன்ஸ் என்ற கப்பலைத் தாக்கியதில் மூன்று பணியாளர்கள் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பலிலும் ஆயுதக் காவலர் மூவர் இருந்தனர். அவர்களுள் இருவர் இலங்கையர். முள்ளுக்கம்பியும் துவக்கும் ஏவுகணைக்கு எதிரே என்ன செய்யும்? ஆபிரிக்காவைச் சுற்றிப் போவதற்குச் செலவு கூடினாலும், அந்தப் பாதையைத் தெரிவு செய்த கம்பனிகள் செய்தது சரி என்பது என் எண்ணம்.

துறைமுகத்தில் ஆபத்து வேறு விதமானது. நங்கூரச் சங்கிலியைப் பிடித்து ஏறும் திருடர், கப்பலின் பின்புறம் சுக்கானுக்கு மேலுள்ள குழிக்குள் ஒளிந்து வருபவர், கப்பலின் அடியில் யாரோ கட்டிவிட்ட போதைப்பொருள். கடைசியாகச் சொன்னதற்காக, ஒன்றுமறியாத பணியாளர்கள் சிறையில் கிடக்க நேர்கிறது. ஏறுபடியில் நின்று வருபவரின் அடையாள அட்டையைப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆயினும் தம்பிக்கு முதலில் தரப்படும் வேலைகளுள் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

துவக்கைப் பற்றிக் கேட்டவனிடம், ஒப்பந்தத்தைப் பற்றிக் கேள் என்றேன். கடற்கொள்ளையரிடம் சிறைப்பட்டிருக்கும் காலம் முழுவதும் பணியாளரின் ஒப்பந்தம் முடிவுறாது, சம்பளம் வீட்டுக்குத் தொடர்ந்து செல்ல வேண்டும் என்ற திருத்தம், கப்பற் பணியாளரின் உரிமைகளை வகுக்கும் சர்வதேச கடல்சார் தொழிலாளர் சாசனத்தில் 2020 டிசெம்பர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்னர், கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத நிலையில் சம்பளமும் நின்றுபோன குடும்பங்கள் இருந்தன. போர்ப் பகுதிக்குப் போக மறுக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, மறுத்தால் யாருடைய செலவில் ஊர் திரும்புவது, கப்பலில் மொத்தம் எத்தனை பேர் என்பவற்றையும் குறித்துக்கொடுத்தேன். பெரியம்மா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தினை பேர் எண்டதை முதல்ல கேள் ராசா" என்றார். அவனுடைய ஒப்பந்தப் பத்திரம் அடுத்த வாரம் வருகிறது. மூவரும் இருந்து வாசிக்க இருக்கிறோம்.