ஸ்லாட் பி: ஜூன் 2024 நாட்குறிப்பு

ஜூன் 8, சனி

ஒன்பிளஸ் 6 ஃபோனோடு வந்த ஆக்சிஜன் ஓஎஸ்ஸை எடுத்துவிட்டு, ஆண்ட்ராய்டின் மாற்று வடிவமான லினேஜ் ஓஎஸ் போட வேண்டும். இன்றும் தொடங்கவில்லை. ஸ்லாட் பி-யில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது.

ஒன்பிளஸ் 6-இல் ரெக்கவரிக்கென்று (சிஸ்டத்துக்கு வெளியே நின்று அழிக்கவும் புதிதாக ஏற்றவும் உதவும் சிறு நிரல்) தனி பார்ட்டிஷன், அதாவது சேமிப்பகத்தில் தனிப் பகுதி, இல்லை. அது பூட் பார்ட்டிஷனுக்குள்ளேயே இருக்கிறது. பூட், சிஸ்டம், வெண்டர், மோடம், பூட்லோடரின் (ஃபோனை முதலில் எழுப்பும் நிரல்) துண்டுகள் எல்லாமே ஏ, பி என்று இரண்டிரண்டு; ஒவ்வொரு தொகுப்பும் ஒரு ஸ்லாட். ஃபோன் ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க, அப்டேட் மற்றதில் இறங்கும். ரீபூட் ஆனதும் அங்கே தாவும். லினேஜ் ஓஎஸ்ஸும் அப்படித்தான், இப்போது ஓடாத ஸ்லாட்டில் போய் உட்காரும். அந்த ஸ்லாட்டில் இருக்கும் ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் அடிப்படை நிரல்கள்) ஆண்ட்ராய்டு 9 காலத்ததாக இருந்தால்? வாங்கிய நாளிலிருந்து காலியாகவே கிடந்திருந்தால்? புதிய சிஸ்டம் அந்தப் பழைய அடித்தளத்தில் எழுந்து நிற்க முயலும், முடியாமல் போகலாம். அப்படிப் போனால் லோகோகூட வராது. திரை கறுப்பு. கணினியில் செருகினால் குவால்காம் 9008 என்று சிப்பின் அவசரநிலைப் பெயர் மட்டும் தெரியும்.

தவிர்க்க இரண்டு வழி. ஒன்று, ஆக்சிஜன் ஓஎஸ் 11.1.2.2-இன் முழு ஓடிஏவை (அப்டேட் கோப்பு) ஃபோனின் லோக்கல் அப்கிரேட் வழியாக ஏற்றி, ரீபூட் செய்து, அதே கோப்பை மறுபடி ஒருமுறை ஏற்றுவது. முதல் தடவை பி, இரண்டாம் தடவை ஏ. மற்றது, லினேஜ் ரெக்கவரியில் காப்பி-பார்ட்டிஷன்ஸ் ஜிப்பை சைட்லோட் செய்து (கணினியிலிருந்து கேபிள் வழியாக அனுப்பி ஏற்றி), ஓடும் ஸ்லாட்டின் ஃபர்ம்வேரை மற்றதில் நகலெடுப்பது. நான் இரண்டையும் செய்வேன்.

ஜூன் 9, ஞாயிறு

என் இன்னொரு கருவியான நெக்சஸ் 7 டேப்லெட் 34 சதவீத சார்ஜில் தானாக அணைந்தது. மூன்றாவது முறை.

ஜூன் 10, திங்கள்

214 வாட்ஸ்அப் குரல் கோப்புகள். வேறு சிஸ்டம் போட பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் ஃபோனில் உள்ளதெல்லாம் அழியும். அதில் விதிவிலக்கே இல்லை. எனவே முதல் வேலை இதுதான்.

நேற்று கேபிளைச் செருகி, சாதாரணக் கோப்புப் பரிமாற்ற முறையான எம்டிபி வழியாக இழுத்துப் போட்டேன். எண்ணிக்கை சரி. கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: எல்லாவற்றுக்கும் நேற்றைய தேதி, நேற்றைய நேரம். பெயரில் தேதி இருக்கிறது, பிடிடி என்று தொடங்கி வருடம், மாதம், நாள் வரும். ஆனால் நேரம் பெயரில் இல்லை. காலை 5.40-க்குப் பேசியதா, இரவு 11-க்குப் பேசியதா என்பது கோப்பின் நேரக்குறியில் மட்டும்தான் இருக்கிறது.

அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். இந்த முறை ஏடிபி (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளையிடும் கருவி) புல், கூடவே ஹைஃபன் ஏ. அந்த ஒரு எழுத்து போதும், நேரக்குறிகள் அப்படியே வரும். ஆண்ட்ராய்டு 11-இல் வாட்ஸ்அப் ஃபோல்டர் பழைய இடத்தில் இல்லை. ஆண்ட்ராய்டு, மீடியா என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கிறது. அதனுள் குரல் கோப்புகள் வாரத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரிந்திருக்கும். மேலே ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்து பார்த்து "அவ்வளவுதான் போல" என்று விட்டுவிடக் கூடாது.

214. லேப்டாப்பில் 214. வெளி டிஸ்க்கில் 214. பென் டிரைவில் 214. நான்கைந்தைத் திறந்து கேட்டும் பார்த்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

அழிவதற்கு முன் எடுக்க வேண்டிய மற்றவை: ஓடிபி ஆதென்டிகேட்டர் செயலியின் கணக்குகள் (இதை மறந்தவர்கள் பாடு பெரும்பாடு, வேறு ஃபோனுக்கு ஏற்றுமதி செய்து, உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே நம்ப வேண்டும்), வாட்ஸ்அப் பேக்கப், குறிப்புகள், சிம்மில் இல்லாத தொடர்புகள். கூகுள் கணக்கை அமைப்புகளில் போய் நீக்கிவிட்டேன். அசல் ஆக்சிஜன் ஓஎஸ் கோப்பையும் இறக்கி வைத்தேன். திரும்பி வரும் வழியைப் புறப்படுவதற்கு முன்பே கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 12, புதன்

"வெயிட்டிங் ஃபார் டிவைஸ்." ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேபிள் மாற்றினேன், டிரைவர் மாற்றினேன். கடைசியில் பழைய யுஎஸ்பி 2.0 ஹப் ஒன்றை நடுவில் செருகியதும் உடனே பிடித்தது. சில கணினிகளின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட் (சிஸ்டம் எழும் முன் பூட்லோடரோடு பேசும் முறை) இப்படித்தான் சண்டித்தனம் செய்யும்: ஏடிபி ஒழுங்காக வேலை செய்யும், ஃபாஸ்ட்பூட்டுக்குப் போனதும் ஃபோன் காணாமல் போகும். ஏடிபி வேலை செய்கிறதே, கேபிள் நல்லதுதான் என்று அங்கேயே மனம் நின்றுவிடுகிறது.

வால்யூம் அப் + பவர், ஃபாஸ்ட்பூட். பிறகு பூட்டைத் திறக்கும் கட்டளை: ஃபாஸ்ட்பூட் ஓஇஎம் அன்லாக். திரையில் வால்யூம் பொத்தானால் "அன்லாக்" தேர்ந்தெடுத்து, பவரை அழுத்தும் முன் பென் டிரைவை மறுபடி செருகி எண்ணினேன். 214. அழுத்தினேன்.

ஜூன் 13, வியாழன்

பெர்சிஸ்ட். மோடம்எஸ்டி1. மோடம்எஸ்டி2. எஃப்எஸ்ஜி.

இந்த நான்கு பார்ட்டிஷன்களும் இந்த ஒரு கருவிக்கு மட்டும் உரியவை. சிஸ்டம் போனால் இணையத்திலிருந்து இறக்கலாம். சென்சார் அளவீடுகளும் நெட்வொர்க் அடையாளமும் போனால் எங்கிருந்தும் இறக்க முடியாது. அடுத்தவர் ஃபோனிலிருந்து எடுத்துப் போடுவதும் தீர்வல்ல. ஃபோனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ காணாமல் போக அதுவும் ஒரு காரணம்.

டிடபிள்யூஆர்பி என்ற மாற்று ரெக்கவரியை ஃப்ளாஷ் செய்யவில்லை, அதாவது நிரந்தரமாக எழுதவில்லை. ஃபாஸ்ட்பூட் பூட் கட்டளையால் தற்காலிகமாக ஏற்றி, பார்ட்டிஷன்கள் பெயர்வாரியாகத் தெரியும் பை-நேம் ஃபோல்டரிலிருந்து நான்கையும் ஏடிபி புல் மூலம் இழுத்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுத்து, கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்களை ஒப்பிட்டேன். ஒத்துப்போயின. 214 கோப்புகள் இருக்கும் அதே மூன்று இடங்களில் இவையும்.

ஜூன் 14, வெள்ளி

டேப்லெட் பேட்டரி ஆர்டர் போட்டாயிற்று. நெக்சஸ் 7, 2013 மாடல், 3950 எம்ஏஎச், எண் சி11பி1303.

ஜூன் 15, சனி

முடிந்தது. நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன்.

ஓடிஏ இரண்டு முறை. பிறகு லினேஜ் 21-இன் ரெக்கவரியை பூட் பார்ட்டிஷனில் ஃப்ளாஷ் செய்து அதற்குள் நுழைந்தேன். காப்பி-பார்ட்டிஷன்ஸ் சைட்லோட். "சிக்னேச்சர் சரிபார்ப்பு தோல்வி, தொடரவா?" என்று கேட்டது; லினேஜின் சாவியால் கையெழுத்திடாத எந்த ஜிப்புக்கும் இந்தக் கேள்வி வரும், 'யெஸ்' சொல்லலாம். லினேஜ் கோப்புக்கே இந்தக் கேள்வி வந்தால் மட்டும் நிறுத்த வேண்டும், பதிவிறக்கம் கெட்டிருக்கலாம்.

ரெக்கவரியை மறுபடி ரீபூட். ஃபேக்டரி ரீசெட், ஃபார்மட் டேட்டா. இதைத் தவறவிட்டால் பழைய சிஸ்டத்தின் என்க்ரிப்ஷன் அப்படியே கிடக்கும், புதியதால் அதைப் படிக்க முடியாது, லோகோ சுற்றிக்கொண்டே இருக்கும். "கோப்பு சரியில்லை, வேறு ரோம் (சிஸ்டம்) போடுகிறேன்" என்று பலர் அலைவது இந்த ஒரு படியை விட்டதால்தான்.

பிறகு லினேஜ் கோப்பு: அப்ளை அப்டேட், ஏடிபி வழி, சைட்லோட். கணினியில் 47 சதவீதத்தில் நின்றது. பெரும்பாலும் 47-இல்தான் நிற்கும். பாதியில் நின்றதாக நினைத்துக் கேபிளைப் பிடுங்கினால்தான் உண்மையில் கெடும். ஃபோன் திரையில் இரண்டாம் கட்டம் முடியும் வரை பொறுக்க வேண்டும். கடைசியில் "ஃபெயில்ட் டு ரீட் கமாண்ட்: சக்சஸ்" என்றுகூட வரலாம், அதுவும் வெற்றிதான்.

முடிந்ததும், கூடுதல் பொதிகள் போட ரெக்கவரிக்கு ரீபூட் செய்யவா என்று கேட்கும். 'யெஸ்.' இங்கேதான் ஸ்லாட் மாறுகிறது. மாறாமல் கூகுள் பொதியை (லினேஜில் இல்லாத கூகுள் செயலிகள்) ஏற்றினால் அது பழைய ஸ்லாட்டில் போய்ச் சேரும். முதல் தடவை சிஸ்டத்துக்குள் போவதற்கு முன்பே கூகுள் பொதியைப் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் செயலிகள் வரிசையாக முறிந்து விழும்.

முதல் பூட். ஓடும் ஸ்லாட் எது என்று கேட்டேன். பி.

எழுந்துவிட்டது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

214-ஐயும் ஏடிபி புஷ் செய்து திருப்பி வைத்தேன். காலை 5.40 இன்னும் 5.40-தான்.

ஜூன் 18, செவ்வாய்

வங்கிச் செயலி திறக்கவில்லை. எதிர்பார்த்ததே. பூட்லோடர் திறந்திருந்தால் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் 'டிவைஸ்' நிலை கிடைக்காது. அதைக் கேட்கும் செயலி கதவைச் சாத்தும். திறந்திருப்பதை மறைத்துக்காட்டும் மாட்யூல்கள் உண்டு, இன்று ஓடும், நாளை நிற்கும். மாதக் கடைசியில் யுபிஐ நின்றால் யாரிடம் போய் நிற்பது? பணம் சம்பந்தப்பட்டதெல்லாம் வேறு ஃபோனில், அந்த சிம்மோடு.

பூட்லோடரைத் திரும்பப் பூட்டினால் சரியாகுமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடவே கூடாது. உள்ளே இருப்பது தயாரிப்பாளர் கையெழுத்திட்ட சிஸ்டம் அல்ல. பூட்டிய பூட்லோடர் அதை ஏற்காது, ஃபோன் எழாது.

ஜூன் 19, புதன்

'அபௌட் ஃபோன்' பக்கத்தில் பாதுகாப்புத் தேதி இரண்டு இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, புதியது. வெண்டருக்கு (தயாரிப்பாளர் தந்த நிரல்கள்) ஒன்று, பழையது. மோடம், ட்ரஸ்ட்சோன் (சிப்பின் பாதுகாப்புப் பகுதி), கேமராவின் மூடிய நிரல்கள் எல்லாம் அந்த இரண்டாவது தேதியில் உறைந்து நிற்கின்றன. லினேஜை உருவாக்குபவர்களால் அதைத் தொட முடியாது. முதல் தேதியைப் பார்த்து மகிழ்கிறவர்கள் இரண்டாவதையும் பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

பேட்டரி வந்தது. தவறானது.

சி11-எம்இ370டி. அது 2012 நெக்சஸ் 7-க்கு உரியது, 4325 எம்ஏஎச். பெட்டியில் "நெக்சஸ் 7" என்று மட்டும் எழுதி விற்கிறார்கள். பெயர் ஒன்று, மாடல் இரண்டு, பேட்டரியும் வேறு. திருப்பி அனுப்பியாயிற்று. மறுபடி காத்திருப்பு. கோபம் தணியவில்லை.

ஜூன் 22, சனி

கண்ணாடி உடைந்த இன்னொரு ஒன்பிளஸ் 6-இல் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ். இது ஆண்ட்ராய்டே அல்ல. ஆல்பைன் லினக்ஸ், பொதுவான லினக்ஸ் கெர்னலுக்கு (சிஸ்டத்தின் மையக்கரு) நெருக்கமான கெர்னல், மேலே ஃபோஷ் என்ற திரை இடைமுகம். அதை ஏற்றும் கருவியில் வரிசை இது: பிஎம்பூட்ஸ்ட்ராப் இனிட், தயாரிப்பாளர், என்சிலாடா (ஒன்பிளஸ் 6-இன் குறிப்பெயர்), கடவுச்சொல். பிறகு இன்ஸ்டால், ஃப்ளாஷர். ரூட் கோப்பமைப்பு யூசர்டேட்டாவுக்கும் கெர்னல் பூட் பார்ட்டிஷனுக்கும் போகும்.

அதோடு ஃபாஸ்ட்பூட் இரேஸ் டிடிபிஓ. டிடிபிஓ பார்ட்டிஷனில் இருக்கும், பழைய கெர்னலுக்கென்று எழுதப்பட்ட வன்பொருள் ஒட்டுகளை (திருத்தக் குறிப்புகள்) பூட்லோடர் இந்தக் கெர்னலின் வரைபடத்தின் மேல் ஒட்டிவிடும், அழிக்காவிட்டால் எழாது. கேபிள் வழியே 172.16.42.1 முகவரிக்கு எஸ்எஸ்எச் (கணினியிலிருந்து உள்நுழைந்து கட்டளையிடும் வழி), உள்ளே போனேன். ஃபோனுக்குள் ஒரு முழு லினக்ஸ். மனம் நிறைந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

அதே ஃபோனை ஆண்ட்ராய்டுக்குத் திருப்ப முயன்றேன். ரெக்கவரி எழவில்லை. மூன்று முறை ஃப்ளாஷ் செய்த பிறகே உறைத்தது: நேற்று டிடிபிஓவை அழித்தேன், இன்று ஆண்ட்ராய்டு கெர்னல் அதைத் தேடுகிறது. லினேஜின் டிடிபிஓவை ஃப்ளாஷ் செய்ததும் எழுந்தது.

ஜூன் 25, செவ்வாய்

214.

ஜூன் 27, வியாழன்

சரியான பேட்டரி. பின்மூடியை பிளாஸ்டிக் பிக்கால் சுற்றிலும் நெம்பினால் கொக்கிகள் ஒவ்வொன்றாக விடும். இரும்புக் கருவி வேண்டாம். பழைய பேட்டரி நடுவில் லேசாக உப்பியிருந்தது. பசையிலிருந்து மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், வளைக்கக் கூடாது, குத்தவே கூடாது.

ஜூன் 28, வெள்ளி

டேப்லெட்டிலும் லினேஜ் போட வேண்டும். அதில் ஏ-பி கிடையாது. 2013-இன் எளிய அமைப்பு, ரெக்கவரிக்குத் தனி இடம். கவலை வேறு: சிஸ்டம் பார்ட்டிஷன் 840 எம்பி மட்டுமே. லினேஜ் 18.1-உம் கூகுள் பொதியும் அதில் அடங்காது. பழைய நாட்களில், இடம் போதாதபோது, "எரர் 70" வரும். கேஷுக்கு (தற்காலிகக் கோப்புகளின் இடம்) 560 எம்பி சும்மா ஒதுக்கியிருக்கிறார்கள். ஆகவே பார்ட்டிஷன் அட்டவணையையே திருத்தி எழுத வேண்டும். எழுதும் நொடியில் சார்ஜ் அறுந்தால் எது எங்கே தொடங்குகிறது என்பதே கருவிக்குத் தெரியாமல் போகும். 34 சதவீதத்தில் அணையும் பேட்டரியோடு இதைச் செய்யாமல் காத்திருந்தது இதற்காகத்தான்.

முன்னேற்பாடு: அட்டவணை இருக்கும் முதல் 34 செக்டர்களை (சேமிப்பகத்தின் சிறு துண்டுகள்) டிடி கட்டளையால் எடுத்தேன். 512 பைட் வீதம் 17,408 பைட். ஒரு டேப்லெட்டின் மொத்த முகவரிப் புத்தகமும் இவ்வளவுதான். கடைசி 33 செக்டர்களில் அதன் மறுபிரதி, அதையும் எடுத்தேன். கூகுளின் அசல் சிஸ்டம் கோப்பான எம்ஓபி30எக்ஸும் தயார். ஆனால் திருத்திய அட்டவணையில் அதை அப்படியே ஏற்ற முடியாது, முதலில் அட்டவணையைப் பழையபடி ஆக்க வேண்டும்.

ஜூன் 29, சனி

மாலையில் இரண்டு முறை கரண்ட் போனது. லேப்டாப்புக்கு யுபிஎஸ் இருக்கிறது. டேப்லெட் 34-ஐத் தாண்டி 20 வரை இறங்கியும் அணையவில்லை. புதிய பேட்டரி நல்ல பேட்டரிதான். மறுபடி ஏற்றுகிறேன்.

இரவு 10.15. 71.

10.50. 78. ஜிப்பின் ஷா256 பார்த்தாயிற்று. 80 வரட்டும்.