நாகர்கோவிலில் கோடிங் பூட்கேம்ப் படித்த அனுபவம்

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் நாகர்கோவிலில் பூட்கேம்பில், அதாவது கோடிங்கைச் செய்து பார்த்துப் பழக வைக்கும் குறுகிய காலப் பயிற்சியில் சேர்ந்தேன். பிரயோஜனம் உண்டா என்று ஊரில் ஜூனியர்கள் பலர் கேட்கிறார்கள். எனக்கு உண்டு, ஆனால் விளம்பரத்தில் போட்டிருந்த காரணங்களுக்காக இல்லை.

பாடம் என்று பார்த்தால் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், கிட் (Git), ரியாக்ட், நோட் (Node.js) என்று வெப்சைட், ஆப் செய்யத் தேவையானவைதான். எல்லாமே யூடியூபில் தமிழிலேயே கொட்டிக் கிடக்கிறது. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும், காலி ஃபைலைத் திறந்தால் கை ஓடாது. பூட்கேம்பில் நான் எழுதிய கோடை இன்னொருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்து "இது எதுக்கு இங்க?" என்று கேட்டார் பாருங்கள், காசு கொடுத்தது அதற்குத்தான்.

அருமனையிலிருந்து தினமும் பஸ். மார்த்தாண்டம் நெரிசலைப் பற்றி நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் என்பதால் எங்கள் குழு ரப்பர் கணக்கு ஆப் ஒன்றைச் செய்தது. ரப்பர் ஷீட் 12 கிலோ, ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) 3 கிலோ என்று போட்டால் மொத்தம் 123 கிலோ காட்டியது! கழித்துப் பார்த்தால் மட்டும் ஒழுங்காக 9. பயிற்சி கொடுத்த அண்ணன் விடையைச் சொல்லாமல், "டைப் என்னன்னு பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பார்த்தால் ஸ்டிரிங், அதாவது எண் இல்லை, வெறும் எழுத்துத் தொடர். ஃபார்மில் நாம் தட்டும் எண் ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்தாகத்தான் வந்து சேர்கிறது, கூட்டல் குறி எழுத்துகளை ஒட்டிவிடும், கழித்தலுக்கு அந்த வேலையே கிடையாது என்பதால் அது எண்ணாக மாற்றிக் கணக்குப் போடுகிறது. 'நம்பர்' ஃபங்ஷன் வழியாக அனுப்பியதும் 15 வந்தது.

அப்புறம் அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "மக்ளே, மழ நாளுக்கு எங்க போடணும்?" என்றார். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம், வெட்டு இல்லாத நாளைக் குறிக்க இடமில்லாமல் ஆப் செய்திருந்தோம். அதையும் சேர்த்தோம்.

திருவனந்தபுரத்தில் ஐடி கம்பெனிகள் இருக்கும் டெக்னோபார்க்கில் ஒரு நேர்காணலில் சான்றிதழை யாரும் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறக்கச் சொல்லி, இந்த மழை நாள் ஏன், எப்படி என்று அதிலேயே நின்றார்கள், கடைசியில் ஒரு மாற்றத்தை அங்கேயே செய்து காட்டச் சொன்னார்கள். இன்டர்ன்ஷிப் கிடைத்தது.

சேரப் போகிறவர்கள் 'வேலை கிடைத்த பிறகு ஃபீஸ்' என்றால் ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கி வந்து முழுக்கப் படியுங்கள், இடையில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது அதில்தான் இருக்கும். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். முடியாது என்றால் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஊருக்கு பஸ் ஏறிவிடுங்கள்.