ஒரு டிஎல்எல் ஃபைலுக்காக இரண்டு நாள்

போன மாதம் 18-ஆம் தேதி சாயங்காலம், விண்டோஸ் அப்டேட் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனது. யூபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. கரன்ட் வந்து ஆன் செய்தால் விண்டோஸ் ஒழுங்காகத்தான் வந்தது. கணக்கு மென்பொருளைத் திறந்தபோதுதான் 'எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை' என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. டிஎல்எல் என்பது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் ஃபைல். ஆறு கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். 20-ஆம் தேதிக்குள் ஆறு பேருக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி.

மென்பொருளைத் திரும்ப நிறுவிப் பார்க்கும்படி அந்தப் பெட்டியே சொன்னது. நிறுவினேன், பலனில்லை. அடுத்து நான் செய்ததை நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள். ஃபைல் பெயரைத் தேடி, முதலில் வந்த தளத்திலிருந்து அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் இறக்கி, அங்கே சொன்னபடி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டேன். பழைய பெட்டி போனது. சி000007பி என்று முடியும் புதுப் பிழை வந்தது. அந்த ஃபைலை ஒரு கட்டளை கொடுத்து விண்டோஸில் ரெஜிஸ்டர் செய்யவும் அந்தத் தளத்தில் சொல்லியிருந்தார்கள். இந்த வகை டிஎல்எல்லுக்கு அது தேவையே இல்லை. கட்டளை கொடுத்தால் பிழைதான் வரும்.

19-ஆம் தேதி காலையில் சிபியுவை வண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்குப் போனேன். அவர் அதை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட்தான் சார். 800 ரூபாய். நாளைக்குச் சாயங்காலம் வாங்க." டேட்டா முழுக்க சி டிரைவில் இருக்கிறதே, லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது உங்க பொறுப்பு" என்றார். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. ஒரு வருடக் கணக்கு அதில் இருக்கிறது. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகனிடம் போனில் சொன்னதும், "மாமா, நீங்க போட்ட ஃபைலை முதல்ல தூக்குங்க" என்றான். எம்எஸ்விசிபி140 தனி ஃபைல் இல்லையாம். விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்போடு வருவது. இதேபோல் அடிக்கடி காணாமல் போகும் விசிரன்டைம்140 ஃபைலும் அதே தொகுப்புதான். குழப்பம் எங்கே என்றும் அவன் சொல்லித்தான் புரிந்தது. பெயர் எப்படி இருந்தாலும் சிஸ்டம்32-இல் இருக்க வேண்டியவை 64 பிட் ஃபைல்கள். 32 பிட் ஃபைல்களுக்குத்தான் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டர். நான் இறக்கிப் போட்டது 32 பிட் ஃபைல்.

அதை அழித்தேன். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து அந்தத் தொகுப்பின் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) இரண்டையும் இறக்கி நிறுவினேன். 64 பிட் கணினியானாலும் இரண்டும் வேண்டும், 32 பிட் மென்பொருள்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. ஏற்கெனவே நிறுவியிருப்பதாகக் காட்டினால் மூடிவிடாமல் 'ரிப்பேர்' கொடுங்கள். பத்து நிமிடத்தில் கணக்கு மென்பொருள் திறந்தது. ஒரு நாள் அலைச்சலுக்கு மருந்து இவ்வளவுதான்!

ஆனால் செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது, பிரிண்டரும் அசையவில்லை. சரி, விண்டோஸின் சொந்த ஃபைல்களும் கெட்டிருக்கின்றன. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து விண்டோஸ் ஃபைல்களைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஓட்டினேன். கெட்ட ஃபைல்கள் இருக்கின்றன, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. எஸ்எஃப்சி நல்ல நகலை எடுக்கும் கிடங்கே கெட்டிருந்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் கிடங்கைச் சரிசெய்வது டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் என்ற இன்னொரு கட்டளை. அது 62.3 சதவீதத்தில் வெகுநேரம் அப்படியே நிற்கும், பயந்து மூடிவிடாதீர்கள். எனக்குக் கடைசியில் 800எஃப்081எஃப் என்ற பிழை வந்தது. மூல ஃபைல் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

அதற்கு விண்டோஸ் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் டிஸ்க்கின் முழு நகல் ஃபைல், வேண்டும். நம் கணினியில் இருக்கும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் 5 ஜிபிக்கு மேல் இறக்க ராத்திரி முழுக்க ஆனது. அதை மவுன்ட் செய்து, அதாவது ஒரு டிரைவ் போலத் திறந்து, உள்ளே இருக்கும் இன்ஸ்டால்.விம் ஃபைலை மூலமாகக் கொடுத்தேன். மறுபடியும் அதே பிழை. அந்த ஃபைலுக்குள் பல எடிஷன்கள் வரிசை எண்ணோடு இருக்கும். இணையத்தில் பார்த்தபடி 1 போட்டிருந்தேன், அது ஹோம். என்னுடைய ப்ரோ 6-இல் இருந்தது. கெட்விம்இன்ஃபோ கட்டளை கொடுத்தால் பட்டியல் வரும், பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள். ஐஎஸ்ஓவை மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் வழியாக எடுத்தால் இன்ஸ்டால்.விம்முக்குப் பதில் இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். அப்போது கட்டளையிலும் விம் என்பதை இஎஸ்டி என்று மாற்ற வேண்டும்.

6 போட்டதும் 100 சதவீதம் ஓடி முடிந்தது. மறுபடி எஸ்எஃப்சி, ஒரு ரீஸ்டார்ட். செட்டிங்ஸ் திறந்து நின்றது, பிரிண்டரும் வந்தது. அப்போது 20-ஆம் தேதி மதியம் 2 மணி.

ஆறாவது கடையின் 3பி இரவு 10.40-க்குப் போனது. ரிட்டர்ன் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை எண் (ஏஆர்என்) வந்ததைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.