முதலில் எந்தத் தெருவுக்குத் தார்?

பேரூராட்சியில் சாலை வேலைக்கு நிதி வந்ததும் வார்டு வாரியாகப் பட்டியல் கேட்பார்கள். வருகிற பட்டியலில் பெரும்பாலும் மனு எழுதத் தெரிந்தவர்களின் தெருக்களே இருக்கும். மனுக்களை எண்ணி வரிசை போட்டால் ஊர்க்கோடிக் காலனி எந்த வருடமும் மேலே வராது. மனு ஒரு தகவல், அவ்வளவுதான். எல்லாத் தெருவையும் ஒரே படிவத்தோடு நடந்து பார்த்தாக வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் நடந்தால் பாதி விடை தரையிலேயே தெரியும்.

50 மீட்டருக்கு ஒரு பதிவு போதும். தண்ணீர் எங்கே நிற்கிறது, ஓரம் அரித்திருக்கிறதா, விரிசல் எந்த மாதிரி? மெல்லிய கோடுகள் மட்டும் என்றால் பழுது மேற்பரப்போடு நிற்கிறது. முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, சக்கரம் ஓடும் தடமும் அமுங்கியிருந்தால் அடியிலுள்ள ஜல்லிப் படுகையே போய்விட்டது. அதன்மேல் 30 மி.மீ. தார்க் கலவை போடுவது பணத்தைப் புதைப்பதுதான்.

மோசமான தெருவுக்கே முதல் பணம் என்பது காதுக்கு நியாயமாகப் படும். ஆனால் அடித்தளம் போன தெருவைத் தோண்டிப் புதிதாகப் போடும் செலவு அடுத்த வருடமும் ஏறத்தாழ அதேதான். மெல்லிய விரிசல் விட்ட தெரு அப்படியில்லை. ஒரு வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் அதுவும் தோண்டும் பட்டியலுக்குப் போய்விடும். எனவே அதை இப்போதே காப்பாற்றுவது மலிவு. இந்த வாதத்தை மட்டுமே பிடித்துக்கொண்டாலும் ஆபத்து: நல்ல தெருக்களே திரும்பத் திரும்ப நிதி வாங்கும், காலனிக்காரர் சேற்றிலேயே நடப்பார். மூன்றில் ஒரு பங்கையாவது அடித்தளம் போன தெருக்களுக்கென்று தனியே வைத்துவிட்டு, மிச்சத்தில் காப்பாற்றும் வேலையைச் செய்யலாம். அந்தப் பங்குக்குள் எதை முதலில் எடுப்பது என்பதற்கு, வாகன எண்ணிக்கையைவிட அந்தத் தெருவுக்குள் போக மாற்றுப் பாதை உண்டா என்பதையே பார்க்க வேண்டும். ஒரே வாசல் உள்ள தெருவில் 108 வண்டி நுழைய முடியாவிட்டால் அது கடைவீதிக்கு முன்னால் வர வேண்டும்.

மதிப்பீடு போடுவதற்கு முன் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வேலை பாக்கி உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மாசியில் போட்ட தாரைச் சித்திரையில் வெட்டாத ஊர் குறைவு. வடிகால் இல்லாத தெருவில் முதலில் வடிகால்தான், தார் பிறகு.

பழைய பரப்பைச் சுரண்டும் மில்லிங் செலவையும் சேருங்கள். சுரண்டாமல் மேலே மேலே போடக்கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். 40 மி.மீ. வீதம் இரண்டு தடவை ஏற்றினால் 8 செ.மீ. அந்த உயரம் தாழ்வான வாசல்படி உள்ள வீட்டுக்குள் மழைநீரை அனுப்பும்.

ஒதுக்கிய பணம் கரையும் இன்னோர் இடம் தார்க் கலவையின் கனம். 100 மீட்டர் நீளம், 3.75 மீட்டர் அகலம், 30 மி.மீ. கனத்துக்குச் சுமார் 26 டன் கலவை வேண்டும். ஒப்பந்ததாரர் 20 மி.மீ. மட்டும் போட்டால் சுமார் 17 டன்னில் முடிந்துவிடும். கலவை லாரிகளின் எடைச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஆய்வகம் தேவையில்லை.

பட்டியலில் வராத தெருக்களையும் அலுவலக வாசலில் காரணத்தோடு ஒட்ட வேண்டும். 'குழாய் பதித்தபின்', 'அடுத்த வருட ஒதுக்கீட்டில்' என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்தத் தாள் ஒட்டப்பட்டபின் வரிசையை மாற்றச் சொல்லி வருகிறவரும் காரணத்தை எழுத்தில்தான் தர வேண்டியிருக்கும்.