எல்கிகிட்கின் ஏரிச் சேறு

ஏரி வண்டலைப் படிக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு செல்ல ஏரி உண்டு. எனக்கு எல்கிகிட்கின். ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில், சுகோட்காவில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்தில் தேங்கியது. ஆர்க்டிக்கில் பல இடங்களில் பழைய மண்ணைப் பனியாறுகள் வழித்துக்கொண்டு போய்விட்டன. இந்தப் பள்ளத்துக்குள் அவை நுழையவில்லை. 2009-இல் உறைந்த ஏரியின் மேலேயே துளைப்பொறியை நிறுத்தி, 318 மீட்டர் ஆழத்துக்கு வண்டலைத் துளைத்தார்கள்.

அதில் என்னைக் கட்டிப்போடுவது கடுங்குளிர் காலத்து அடுக்குகள்தான். கோடையிலும் ஏரியின் மேல் பனி உருகாமல் கிடந்தால், அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சேற்றைக் கிளறும் சிற்றுயிர்கள் இல்லாததால் மெல்லிய அடுக்குகள் கோடு கோடாக அப்படியே நிற்கும். காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் துகள்கள் கரைந்துபோகும். ஆக, காந்த அளவு எங்கே சரிகிறதோ அங்கே பெரும்பாலும் கடுங்குளிர் காலம்! வெப்பமான காலத்து வண்டலில் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் பெருகியிருக்கும். ஏரியின் மிகப் பழைய அடுக்குகளில் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்களின் மகரந்தமே கிடைக்கிறது. இன்று சுற்றிலும் மரமற்ற துந்திரா. அன்றைய கோடை இன்றைவிடச் சுமார் 8 டிகிரி கூடுதல் வெப்பம்.

சரி, அப்படிப்பட்ட வெப்பகாலங்களில் நிலம் ஆண்டு முழுதும் உறைந்தே இருந்ததா? அதற்கு ஏரிச் சேறு நேரடியாகப் பதில் சொல்லாது. சைபீரியாவின் லேனா ஆற்றுப் பக்கத்துக் குகையொன்று சொல்கிறது, லெத்யனாயா லென்ஸ்காயா. மேலே நிலம் உறைந்திருந்தால் நீர் சொட்டாது. சொட்டாவிட்டால் சுண்ணப்படிவு வளராது. யுரேனியத்தை வைத்துக் காலம் கணித்தபோது, அங்கே படிவுகள் விட்டுவிட்டு வளர்ந்து, சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அடியோடு நின்றது தெரிந்தது. கடைசியாக வளர்ந்த அதே காலத்தில்தான் எல்கிகிட்கின் கோடையும் இன்றைவிட 4, 5 டிகிரி ஏறியிருந்தது. அன்று காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டோம். இதை நினைத்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

ஆனாலும் எல்லா உறைநிலமும் அன்று உருகிப்போனது என்று எழுத மாட்டேன். கனடாவின் யூகானில் டொமினியன் க்ரீக் பக்கம் மண்ணுக்குள் பனி ஆப்பு ஒன்று, அதாவது நில வெடிப்பில் ஆப்புபோல இறங்கி உறைந்த பனி, கிடக்கிறது. அதன்மேல் படிந்த எரிமலைச் சாம்பலின் வயது சுமார் 7,40,000 ஆண்டுகள். அந்த வெப்பகாலத்தையும் அது தாண்டி வந்திருக்கிறது. உருகல் மேலிருந்து கீழே மெல்லத்தான் இறங்கும். ஆழத்தில் கிடந்த பனியை அது எட்டவில்லை.