இன்ஜெக்டர் கிளீனர்: ஒரு பாட்டில், ஒரு டேங்க், ஸ்கேனர் காட்டியது

வண்டி: பிஎஸ்4 (புகை மாசு விதியின் நான்காம் கட்டம்) பெட்ரோல் ஹேட்ச்பேக். 1 லிட்டர், 3 சிலிண்டர், போர்ட் இன்ஜெக்ஷன் (இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோல் பீய்ச்சும் வகை), 35 லிட்டர் டேங்க். ஓடியது 78,400 கிமீ, பெரும்பாலும் வேளச்சேரி – கிண்டி – அண்ணா சாலை. புகார் இரண்டு. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் ஐடில் நடுங்குகிறது. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் இழுவை இல்லை. செக் இன்ஜின் லைட் எரியவில்லை.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுனியில் படிவு சேர்வது வண்டி ஓடும்போது குறைவு; அணைத்த பிறகுதான் அதிகம். சூடான இன்ஜினை நிறுத்தியதும் நுனியில் தங்கிய துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும், கனமான பகுதி அங்கேயே வெந்து அரக்கு மாதிரி ஒட்டும். நான்கு கிமீ ஓட்டம், அணைப்பு, மறுபடி நான்கு கிமீ என்று போகும் நகர வண்டிக்கு இது தினசரி நடக்கிறது.

பாட்டிலைத் திறக்கும் முன் அளவு எடுத்தது. ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் கருவி), போனில் ஒரு ஆப், அவ்வளவு போதும். கூலன்ட் 85 டிகிரி தாண்டிய பிறகு, ஏசி அணைத்து, லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் வண்டி நிரந்தரமாகச் செய்துகொள்ளும் திருத்தம், சதவீதத்தில்) பார்க்க வேண்டும். ஐடிலில் +7, 2,500 ஆர்பிஎம்மில் +12. அதாவது ஈசியூ, இன்ஜினின் கம்ப்யூட்டர், கணக்குப் போட்டதைவிட 12 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்சித்தான் கலவையைச் சரியாக வைத்திருக்கிறது. இங்கே ஒரு பிரிவினை முக்கியம். ஐடிலில் ட்ரிம் அதிகமாகவும் ஆர்பிஎம் ஏறினால் குறைவாகவும் இருந்தால் எங்கோ வேக்யூம் லீக், அதாவது கணக்கில் வராத காற்று உள்ளே கசிகிறது. கிளீனர் வாங்கும் காசில் ஹோஸ் மாற்றலாம். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதுமான அளவு போகவில்லை: இன்ஜெக்டர், ஃபில்டர், பம்ப் மூன்றில் ஒன்று. இது இரண்டாவது வகை.

ஆனால் 12 முழுவதும் அழுக்கு இல்லை. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 10 சதவீத எத்தனால் கலந்தால் சுமார் 14.1, 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. ஆக 10-க்கு ஏற்ற வண்டியில் 20 போட்டாலே ட்ரிம் 4–5 ஏறும். பங்க் பெட்ரோலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது எளிது: 100 மிலி அளவுக் குடுவையில் 10 மிலி தண்ணீர், 90 மிலி பெட்ரோல், மூடிக் குலுக்கி, பத்து நிமிஷம் விட வேண்டும். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கீழ் அடுக்கு 28-ஐத் தொட்டது. கூடிய 18 மிலி, 90-இல் ஐந்தில் ஒரு பங்கு. (மொட்டைமாடியில் செய்யுங்கள், அடுப்பங்கரையில் வேண்டாம்.)

பாட்டில் தேர்வு. சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் ஷெல்ஃப் நிறைய இருக்கிறது. லேபிளில் அல்லது கம்பெனியின் பாதுகாப்புத் தரவுத் தாளில் படிவைக் கழுவும் பாலிஈதர் அமீன், சுருக்கமாக பிஇஏ, என்று இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. மீதி பெரும்பாலும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். அது நல்ல பாட்டிலிலும் உண்டு, வெறும் அதுவே இருந்தால் பயன் சொற்பம். ‘ஆக்டேன் பூஸ்டர்’ வேறு சரக்கு. இரும்புக் கலவை உள்ளவை பிளக் நுனியைச் செங்கல் நிறத்துக்கு மாற்றிவிடும்.

ஊற்றியது: டேங்கில் சுமார் 5 லிட்டர் மிச்சம் இருக்கும்போது, பங்க்கிலேயே, 300 மிலி முழுவதும், நீள மூக்குப் புனல் வைத்து. பிறகு 28 லிட்டர் பெட்ரோல். பெட்ரோல் விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். நிரப்பிய டேங்கின் மேல் ஊற்றினால் அப்படிக் கலக்காது. பெயின்டில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்தியாச்சு. “இன்னும் கொஞ்சம் போடு அண்ணா” என்று கழுத்து வரை நிரப்பினால் ஆவி பிடிக்கும் கரி கேனிஸ்டரில் திரவமே புகுந்துவிடும். லேபிள் அளவைவிட இரண்டு பங்கு ஊற்றுவதும் வேண்டாம்.

அன்றே வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை அவுட்டர் ரிங் ரோடு, போக 62 கிமீ, வர 62. வேக வரம்புக்குள், நான்காவது கியரில் 3,000 ஆர்பிஎம் பக்கம் நிறுத்திப் பிடித்தது. கிளீனர் கலந்த பெட்ரோலை டேங்கில் வாரக்கணக்கில் ஊறவைப்பதில் பயனில்லை. தொடர்ந்து சூடாக ஓடினால்தான் வேலை நடக்கும். கடைசிச் சொட்டு வரையும் ஓட்டக் கூடாது, டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

410 கிமீ ஓடி டேங்க் இறங்கியதும் மறு அளவு: ஐடில் +6, 2,500-இல் +8. எத்தனால் கணக்கு 4–5 போக மிச்சம் 3–4, அது சகஜ எல்லைக்குள். இரண்டாவது பாட்டிலுக்கு வேலை இல்லை. மேம்பால ஏற்றத்தில் இழுவை தெரிந்தது. மைலேஜ்? சொல்ல முடியாது. 28 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே மூன்றரை சதவீதம் பிசகும். அதைவிடச் சின்ன மாற்றம் இந்த முறையில் கண்ணுக்குத் தெரியாது. “லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூடிடுச்சு” என்பவர்கள் பெரும்பாலும் அதே வாரம் டயருக்குக் காற்றும் அடித்திருப்பார்கள்.

ஐடில் நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. இருக்கத்தான் செய்யும்: இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் தட்டின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே ஒட்டுவது கிராங்க்கேஸிலிருந்து (இன்ஜினின் ஆயில் இருக்கும் அடிப்பகுதி) வரும் ஆயில் ஆவி. சாவியை எடுத்துவிட்டு, காற்றுக் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடி ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடைத்தது. தட்டின் ஓரத்தில் கறுப்பு வளையம். எலெக்ட்ரானிக் த்ராட்டிலை இக்னிஷன் ஆனில் விரலால் தள்ளினால் மோட்டார் கியர் போய்விடும். துடைத்த பிறகு ஐடில் உயர்ந்து நின்றது. அழுக்கு அடைத்த இடைவெளிக்கு ஈசியூ பழகியிருந்ததுதான் காரணம். மூன்று நாள் ஓட்டத்தில் இறங்கியது, நடுக்கமும் போனது. ஆயில், ஃபில்டர் அதன் பிறகு மாற்றியது. கிளீனரின் எரியாத மிச்சம் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்குவதால் இந்த வரிசை.

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் இன்டேக் வால்வுக்கும் இதே கதி. பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் வால்வுப் படிவைக் கழற்றித்தான் சுரண்ட வேண்டும். கார்புரேட்டர் பைக்கில் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளை) முழுக்க அடைத்திருந்தால் டேங்கில் எதை ஊற்றினாலும் அந்த ஓட்டைக்குப் போய்ச் சேராது. ஜெட்டைக் கழற்றி ஒயரின் ஒற்றைச் செப்பு இழையால் குத்த வேண்டும். ஊசி பித்தளையை அகலமாக்கிவிடும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி வெள்ளத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கியிருந்தால் கிளீனரைத் தொடவே வேண்டாம். தண்ணீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். டேங்கை இறக்கி முழுசாக வடிக்க வேண்டும்.