நாற்புறமும் கடல், குழாயில் காற்று

“இந்தியா அவ்வளவு பெரிய நாடாயிற்றே, இடம் தாராளமாக இருக்குமே, இந்தச் சின்னத் தீவுக்கு ஏன் வந்தாய் பிள்ளை?” என்று மொரிசியசில் எங்கள் வீட்டுக்காரம்மாள், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டபோது, அடுத்த மாதம் முதல் வாடகை கூடும் என்று அவர் சற்று முன்புதான் சொல்லியிருந்ததையும் மறந்து நான் சிரித்துவிட்டேன். சென்னை வேளச்சேரியில், பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதைக் கேட்டே அவர்கள் வீட்டில் அன்று என்ன சமையல் என்று சொல்லிவிடக்கூடிய இடைவெளியில் பத்து ஆண்டுகள் குடியிருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்த நகரத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நெரிசலும் வாடகையும் தாங்காமல்தான் நானும் கணவரும் மொரிசியசுக்கு வேலை தேடி வந்தோம்.

வந்த பிறகுதான் இங்குள்ள கணக்கு புரிந்தது. சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பன்னிரண்டரை லட்சம் பேர் வசிக்கிறார்கள். வண்டிகள் மட்டும் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2011இல் தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் என்றால், இந்தத் தீவில் 600க்கும் மேல். ஊரிலிருந்து பேசும் உறவினர்கள், நாங்கள் தினமும் மாலையில் கடற்கரையில் கால் நனைப்பதாகவே நம்புகிறார்கள். உண்மையில் காத்ர் போர்ன் நகரிலிருந்து தலைநகர் போர்ட் லூயி வரை நின்றுகொண்டே டிராமில் போகிறேன். 1950களில் பயணிகள் ரயிலை நிறுத்திய நாடு, சாலைகள் அடைத்துக்கொண்ட பிறகு, பழைய தண்டவாளத் தடத்திலேயே பெருமளவும் மீண்டும் தண்டவாளம் போட்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தண்ணீர். அக்டோபர் தாண்டி வறண்ட மாதங்களில் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்று குழாய்க்கு நேரம் குறித்துவிடுகிறார்கள். முதல் ஆண்டு நவம்பரில் முகம் நிறைய சோப்பு நுரையோடு குழாயைத் திருகினேன். அது ஒரு முறை இருமிவிட்டுக் காற்றை ஊதியது. நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த நாட்டில், கண் எரிய, துண்டைத் தேடிக்கொண்டு நின்றேன். தீவின் நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் மழை கொட்டாமல் இல்லை. ஆனால் சுத்திகரித்து அனுப்பும் நீரில் பாதிக்கு மேல், பழைய குழாய்களின் கசிவாலும் பிற வழிகளிலும் கணக்கில் வராமலே போய்விடுகிறது. மார் ஓ வாக்வா நீர்த்தேக்கம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று செய்தியில் சொல்லும்போது, 2019 ஜூனில் செம்பரம்பாக்கத்தையும் புழலையும் பார்த்துப் பெருமூச்சு விட்டது போலவே கணவர் இங்கும் விடுகிறார். அந்த ஆண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது சென்னைக்கு. லாரிக்குக் குடம் வரிசை வைத்த அம்மா, நான் விமானம் ஏறும்போது ஓர் எவர்சில்வர் குடத்துக்குள் புளியையும் வற்றலையும் திணித்துக் கொடுத்தார். வெளிநாட்டில் குடம் எதற்கு என்று அன்று எரிச்சலடைந்தவள் நான்தான்.

அந்தக் குடத்தில் நீர் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்த வீட்டுக்காரம்மாள், “சாம்போ!” என்று கையைக் கூப்பினார். தைப்பூசக் காவடியில் பால் சுமக்கும் செம்பைத்தான் இங்குள்ள தமிழர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கோர் தெ கார்த் மலை முருகன் கோயிலுக்கு இந்த ஆண்டு பால் எடுக்கிறாயா என்று அவர் ஆர்வமாகக் கேட்டபோது, பாத்திரம் கழுவ வைத்த தண்ணீர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாலைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி வந்த அவருக்குத் தமிழ், கோயில் பாட்டில் மட்டும் இருக்கிறது. முருங்கைக்கீரையை ‘ப்ரெத் முரூம்’ என்கிறார். சந்தையில் அதை விலை கொடுத்து வாங்கும்போதெல்லாம், வேலிக்கு அப்பாலிருந்து “ரெண்டு கொத்து ஒடிச்சுக்கோ” என்று சொல்லும் பெரியம்மா நினைவுக்கு வந்துவிடுகிறார்.

அன்று கேட்ட கேள்விக்கு வீட்டுக்காரம்மாளே மொட்டை மாடியில் பதிலும் சொன்னார். பின்சுவர் வரை கரும்பு நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. கடலோரப் பக்கம் வெளிநாட்டவருக்கான மாளிகைகள் எழுகின்றன. சொத்துத் திட்டங்களில் குறைந்தது 3,75,000 அமெரிக்க டாலருக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமையும் சேர்ந்து கிடைக்கும். அவருடைய இளைய மகன் ஒரு துண்டு மனை வாங்க ஆண்டுக்கணக்கில் சேமித்தும் முடியாமல் கனடாவுக்குப் போய்விட்டான். “தீவு சிறுத்துவிட்டது,” என்றார். வாடகையைப் பற்றிப் பேரம் பேசலாம் என்று மாடியேறியிருந்த நான், பேசாமல் இறங்கி வந்தேன்.

இப்போது இந்த வாழ்க்கைக்குப் பழகிவிட்டோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். போன வாரம் விடியற்காலை நான்கு மணிக்குத் தொட்டியில் நீர் விழும் சத்தம் கேட்டது. “தண்ணி வந்துடுச்சு, எழுந்து மோட்டாரைப் போடுங்க,” என்று தூக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். கணவரும் மறுபேச்சின்றி எழுந்து, இந்த வீட்டில் இல்லாத ஒரு சுவிட்சைத் தேடிக் கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.